ஒரே தப்பு விடை, இரண்டு காரணங்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர் பாடம் திட்டமிடக் கற்பது எப்படி?

மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டு நோட்டிலும் விடை 35. 'ஒன்னைப் பார்த்து ஒன்னு எழுதியிருக்கு' என்றுதான் முதலில் தோன்றும். இரண்டுக்கும் சிவப்பு மையில் இன்ட்டு போட்டுவிட்டு, பலகையில் 25 என்று எழுதிக் காட்டினால் திருத்தும் வேலை முடிந்துவிடும்.

அதே இரண்டு பேருக்கும் 46-இலிருந்து 19-ஐக் கழிக்கக் கொடுங்கள். இப்போது ஒரு குழந்தை 33 என்று எழுதும், இன்னொன்று 37 என்று எழுதும். சரியான விடை 27. 33 எழுதிய குழந்தை எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்று பார்க்கவே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. ஒன்பதில் ஆறு போனால் மூன்று, நான்கில் ஒன்று போனால் மூன்று. 37 எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். பதினாறில் ஒன்பது போக ஏழு என்று சரியாகவே போட்டிருக்கிறது. கடன் கொடுத்த நான்கு மூன்றாகக் குறைய வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டது. முந்தைய கணக்கில் இந்த இரண்டு வழியுமே 35-இல் போய் முடிந்ததால் வித்தியாசம் வெளியே தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொன்னால் யாருக்கும் உதவாது. 33 எழுதிய குழந்தைக்கு 46 என்பது நான்கும் ஆறும். நாற்பதும் ஆறும் இல்லை. அதற்கு எண்ணின் இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 37 எழுதிய குழந்தையிடம் '37-ஓட 19-ஐக் கூட்டிப் பாரு, 46 வருதா?' என்று கேட்டாலே போதும், 56 வந்ததும் அது முழிக்கும். அந்த முழிப்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கழித்தல் தெரிந்த எல்லாருக்கும் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பொறியியல் படித்தவருக்கும் தெரியாமல் போகலாம். குழந்தை சொல்லும் விடைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று படிப்பதும், நாளைக்கு அது என்ன சொல்லும் என்று இன்றைக்கே ஊகித்து வகுப்பை ஒழுங்கு செய்வதும் தனித் தொழில்திறமை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி என்ற ஒன்று தனியாக இருப்பதே இதற்காகத்தான்.

இதை நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில், பி.எட். முடித்தவர்களையும் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக நியமிக்கலாம், சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் ஒரு ஆறு மாத இணைப்புப் பயிற்சியை முடித்தால் போதும் என்று அறிவித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பி.எட். பயிற்சி பெரிய வகுப்புகளுக்கானது, சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை அதில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். 'பட்டம் பெரிசு, அதனால ஒன்னாம் கிளாஸ் ஈஸி' என்ற நினைப்பு நம் ஊரில் வேரோடிய ஒன்று. ஒன்றாம் வகுப்பில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அந்தப் பயிற்சி எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்ததும் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்க வேண்டும். காகிதத்தில் டி.எல்.எட்., வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்றும் 'டீச்சர் டிரெயினிங்'. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் இது நடக்கிறது. 'டயட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மாவட்ட நிறுவனங்கள் 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடு முழுவதும் வந்தவை. குழந்தை வளர்ச்சி, கற்பித்தல் முறை, தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் பாடத்தில் உண்டு. இவற்றோடு பள்ளிக்கே போய்ப் பழகும் காலமும் உண்டு: அதே கவுன்சிலின் 2014 விதிமுறைப்படி மொத்தம் 20 வாரமாவது. முதலாண்டில் 4 வாரம் வகுப்பைக் கவனிக்க, இரண்டாமாண்டில் 16 வாரம் தானே பாடம் நடத்த. அரசு வேலை வேண்டுமென்றால், பட்டயத்துக்கு அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளும் எழுத வேண்டும். அதன் 150 கேள்விகளில் 30 கேள்வி குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை.

அந்த 30 மதிப்பெண்ணுக்காக, குழந்தையின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஸ்விஸ் உளவியலாளர் பியாஜே வகுத்த நான்கு நிலைகளை மனப்பாடம் செய்யாதவர்கள் இருக்க முடியாது. ஆனால் பியாஜேயை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு ரூபாய் நாணயங்கள் ஆறை வரிசையாக வையுங்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறு. 'ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கா?' 'ஆமா.' இப்போது கீழ் வரிசையைக் குழந்தை பார்க்கும்போதே விரித்து இடைவெளி விட்டு வையுங்கள். 'இப்ப எதுல அதிகம்?' பல குழந்தைகள் யோசிக்காமல் விரிந்த வரிசையைக் காட்டும். ஆறு என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த குழந்தையே கூட! எண்ணத் தெரிவதும் எண்ணைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்று இரண்டு நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் குழந்தையைப் பார்த்துப் பூரிக்கும் பெற்றோருக்கும் இதைக் காட்டலாம், கொஞ்சம் பக்குவமாக.

பியாஜே பிறந்த அதே 1896-இல் பிறந்தவர் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி. வழிகாட்டுதல் என்றால் என்ன என்பதற்கு அடிப்படையான யோசனை அவருடையது. ஒரு குழந்தை தானாகச் செய்ய முடிந்தவை சில. எவ்வளவு உதவினாலும் இன்றைக்குச் செய்ய முடியாதவை சில. நடுவே ஒரு பகுதி இருக்கிறது: யாராவது கொஞ்சம் கைகொடுத்தால் செய்துவிடக்கூடியவை. கற்பித்தலுக்கு ஏற்ற இடம் அந்த நடுப்பகுதி. தெரிந்ததையே கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்குச் சலிக்கும், எட்டாததைக் கொடுத்தால் பயந்துபோகும். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் அந்தக் கைகொடுத்தலுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: சாரம் கட்டுதல். கட்டடத்துக்குக் கட்டுகிற அதே சாரம்தான். சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதுதான் கடினம். நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான். குழந்தை தடுமாறுவதைப் பார்த்ததும் பென்சிலை வாங்கித் தானே போட்டுக் காட்டிவிடுவார்கள். உதவியைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி வைத்துக்கொள்வது நல்லது. முதலில் சும்மா இருப்பது. பிறகு 'நீ எப்படி யோசிச்சே, சொல்லு பார்க்கலாம்' என்று கேட்பது. அதற்கும் வரவில்லையென்றால் குச்சியோ மணியோ கையில் கொடுப்பது. அடுத்து, முதல் படியை மட்டும் செய்து காட்டுவது. முழுதாகச் செய்து காட்டுவது கடைசியில்தான்.

சும்மா இருப்பது என்று எழுதுவது எளிது. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வரவில்லையென்றால் அடுத்த குழந்தை, அல்லது தாங்களே பதில். மூன்று வினாடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாயே திறக்காத குழந்தைகளும் பேசினார்கள். மூன்று வினாடிதானே என்று தோன்றும். நாற்பது கண்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இப்போது திட்டமிடலுக்கு வருவோம். கடன் வாங்கிக் கழித்தல், புத்தக மொழியில் இனமாற்றம் செய்து கழித்தல், இதை முதன்முதலாக நடத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி மாணவர் பலர் பாடக்குறிப்பின் முதல் வரியில் 'மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்' என்று எழுதுவார்கள். புரிந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கண்ணால் பார்க்கிற மாதிரி எழுதுங்கள்: '43 குச்சியிலிருந்து 18 குச்சியை எடுக்கச் சொன்னால், பத்துக் குச்சி கொண்ட ஒரு கட்டைப் பிரித்து எடுப்பர், ஏன் பிரித்தாய் என்று கேட்டால் தம் சொல்லில் காரணம் சொல்வர்.' இப்படி எழுதிவிட்டாலே பாதி வகுப்பு மனசுக்குள் ஓடிவிடும். குச்சி வேண்டும், கட்டு வேண்டும், ஒவ்வொரு குழுவையும் நின்று கேட்க நேரம் வேண்டும்.

குச்சிக் கணக்கையே பார்ப்போம். நாலு பேருக்கு ஒரு குழு என்றால், 32 பேர் வகுப்பில் எட்டுக் குழு. குழுவுக்கு 43 குச்சி என்றால் மொத்தம் 344. முந்தின நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து தனியாக 344 ஈர்க்குச்சி ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு வணக்கம். ஆனால் அந்த வேலையைக் குழந்தைகளிடம் விடுவதுதான் சரி. பத்துப் பத்தாகக் கட்டுவதே இடமதிப்புப் பாடம். தான் கட்டிய கட்டைத் தான் பிரிக்கும் குழந்தைக்கு, அதற்குள் பத்து இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணும் யோசித்து எடுக்க வேண்டும். முதல் நாளே 40-இலிருந்து 18 என்று கொடுத்தால் பூஜ்யம் வந்து தனிக் குழப்பம் செய்யும். 45-இலிருந்து 13 என்றால் கட்டைப் பிரிக்கவே தேவையில்லை. 43-இலிருந்து 18 சரியாக இருக்கும்.

அடுத்தது, எனக்குப் பிடித்த பகுதி: குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே எழுதுவது. ஒரு குழு ஒரு கட்டை எடுத்துவிடும், உதிரி மூன்றையும் எடுத்துவிடும், அப்புறம் 'இன்னும் அஞ்சு வேணும் டீச்சர்' என்று நிற்கும். இதுதான் நீங்கள் எதிர்பார்த்த இடம், 'எங்கேருந்து எடுக்கலாம்?' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இன்னொரு குழு எல்லாக் கட்டையும் பிரித்துப் போட்டு 43 குச்சியையும் ஒவ்வொன்றாக எண்ணும். விடை சரியாகவே வரும். திட்டாதீர்கள். அடுத்த கணக்காக 93-இலிருந்து 18 கொடுங்கள். ஒன்பது கட்டையும் பிரிக்கச் சோம்பல் வரும், வழியை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒரு குழந்தை, ஒரு கட்டை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு கட்டிலிருந்து நேராக எட்டை உருவிவிடும். அந்தக் கட்டில் மிச்சம் இரண்டு, உதிரி மூன்று, சேர்த்து ஐந்து, இரண்டு முழுக் கட்டு, விடை 25. புத்தகம் சொன்ன வழி இது இல்லை, ஆனால் அழகான வழி. முன்கூட்டி யோசிக்காத ஆசிரியர் 'அப்படிச் செய்யக் கூடாது, பதிமூனுல எட்டு போகணும்' என்று அதைக் கெடுத்துவிடுவார். யோசித்து வந்தவர் அந்தக் குழந்தையை எழுப்பி எல்லாருக்கும் செய்து காட்டச் சொல்வார்.

குச்சி ஒரு நாள், எழுத்துக் கணக்கு ஒரு நாள் என்று பிரிப்பதும் சரிப்படாது. கட்டைப் பிரித்த அந்த நொடியிலேயே நோட்டில் 4-ஐ அடித்து 3 என்று எழுத வேண்டும். இல்லையென்றால் குச்சி ஒரு விளையாட்டாகவும் நோட்டு வேறொரு உலகமாகவும் போய்விடும்.

மொழிப் பாடத்துக்கும் இதே யோசனைதான், ஆனால் இடறும் இடங்கள் வேறு. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதும் குழந்தை முதலில் 'க' போட்டுவிட்டு அப்புறம் கொம்பைப் பின்னால் ஒட்டும். 'கொ' இன்னும் சிக்கல்: இரண்டு பக்கமும் குறி. 'கொடி' என்பதை 'கெ… கா…' என்று தடவித் தடவிப் படிக்கிற குழந்தை மந்தமானது அல்ல, இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கிறது. இது வரும் என்று தெரிந்தால் 'கெ', 'கா', 'கொ' மூன்றையும் ஒரே அட்டை வரிசையில் வைத்துப் பழக்கலாம். வீட்டுப் பேச்சும் அப்படித்தான். 'ஊட்டுக்குப் போறேன்' என்று சொல்லும் குழந்தையை வாய் திறந்ததுமே 'வீட்டுக்கு என்று சொல்' என்று திருத்தினால், நாளைக்கு அது பேசாது. பேச விட்டு, அதைக் கேட்டு, பலகையில் 'வீட்டுக்கு' என்று எழுதிக் காட்டுவதே போதும். வீட்டில் தெலுங்கோ உருதுவோ இந்தியோ பேசும் குழந்தைகளும் இன்று பல வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லோடு படமும் பொருளும் கூடவே வர வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கும் வகுப்புக்கு. அப்படி ஒரு வகுப்பு உலகத்தில் எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் ஏராளம். கல்வி உரிமைச் சட்டமே 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் சொல்கிறது. ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியர் நடுவில் நின்று எல்லாருக்கும் ஒன்றையே சொல்லும் திட்டம் காலை பத்து மணிக்கே உடைந்துவிடும்.

இதற்குத் தமிழ்நாடு இரண்டு பெரிய முயற்சிகளைச் செய்து பார்த்திருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்தது, அட்டைகள் ஏணிப் படிகளாக அடுக்கப்பட்டன. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக் குழந்தையே தன் அட்டையை எடுத்துக்கொண்டு தரையில் உட்காரும். எழுதிப் பார்க்கக் குழந்தை உயரத்துக்குச் சுவரில் கரும்பலகை. அடுத்தது, கொரோனாவில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்ததால் உண்டான இடைவெளிக்காக, 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம். இதில் குழந்தைகள் வகுப்பால் அல்லாமல் நிலையால் பிரிக்கப்படுகிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். ஆசிரியருக்குக் கையேடு, குழந்தைக்கு நிலைக்கேற்ற பயிற்சி நூல். மறு வருஷமே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இரண்டு முறைகளுக்கும் ஆதரவும் உண்டு, புலம்பலும் உண்டு. அட்டை தொலைந்தால் படியும் தொலைகிறது, குழந்தை தனியாகவே உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு ஒரு குறை. கையேடு நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லிக் கொடுத்தால் ஆசிரியர் யோசிப்பதற்கு என்ன மிச்சம், செயலியில் பதிவேற்றவே நேரம் சரியாக இருக்கிறது என்று இதற்கு. என் அபிப்பிராயம் சொல்லட்டுமா? புது ஆசிரியருக்குக் கையேடு தேவை. ஐந்து வகுப்புக்கு எல்லாப் பாடத்தையும் தானே ஒன்றுமில்லாததிலிருந்து திட்டமிடச் சொல்வது கொடுமை. ஆனால் தன் வகுப்பின் 43-ஐயும் 18-ஐயும், அங்கே நிற்கப் போகும் குழந்தையையும் கையேடு எழுதியவரால் பார்க்க முடியாது. அந்த ஓரத்தை ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும்.

பாடக்குறிப்பேடு பற்றியும் ஒரு வார்த்தை. 'நோட்ஸ் ஆஃப் லெசன்' என்பது பல இடங்களில் மேலதிகாரி கையெழுத்துக்காக எழுதப்படும் சடங்காகிவிட்டது. போன வருஷக் குறிப்பைத் தேதி மாற்றி எழுதுவது ஊரறிந்த ரகசியம். பயிற்சிக் காலத்திலேயே இதற்கு விதை விழுகிறது. ஜெர்மானியக் கல்விச் சிந்தனையாளர் ஹெர்பார்ட்டின் சீடர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஐந்து படிகளின் சாயலில் ஆயத்தம், பாட அறிமுகம், மீள்பார்வை என்று கட்டம் போட்டு, தெர்மாகோலில் துணைக்கருவி செய்து, வண்ணப் பேனாவில் ரெக்கார்டு முடிப்பதிலேயே மாணவர்களின் ராத்திரிகள் போகின்றன. கட்டம் இருப்பதில் தவறில்லை. அந்தக் கட்டத்தில் 'குழந்தைகள் என்ன சொல்லக்கூடும்' என்று ஒரு பத்தியும், வகுப்பு முடிந்ததும் 'யாருக்கு எங்கே நின்றது' என்று ஒரு வரியும் இல்லாததுதான் குறை. அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ள எந்த அரசாணையும் வேண்டாம், பென்சிலில் ஓரத்தில் எழுதினாலே போதும்.

இந்த ஆண்டு டி.எல்.எட். சேர்ந்திருப்பவர்களுக்கு இது: முதலாண்டில் வகுப்பைக் கவனிக்கும் அந்த நான்கு வாரத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர் சொன்னதையெல்லாம் எழுதுவதில் செலவிடாதீர்கள். ஒரு பாடவேளைக்கு ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதுங்கள். எப்போது பலகையைப் பார்த்தது, எப்போது பக்கத்து நோட்டைப் பார்த்தது, எந்த இடத்தில் அழித்தது, எதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது. மணி அடித்ததும் அதனிடம் போய், அழித்த இடத்தைக் காட்டி, 'முதல்ல என்ன எழுதியிருந்தே?' என்று கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் நிறையவே சொல்வார்கள்.